கணினித் தேர்ச்சி நிலைத்து நிற்க எந்த வழி? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கான ஓர் ஒப்பீடு

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த நாளிலிருந்து பல்கலைக்கழக அனுமதி பற்றிய முடிவு தெரியவரும் வரை நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இடைவெளி நீண்டது. களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் வாழைச்சேனையிலும் அந்தக் காலத்தில் வீடுகளில் எழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "சும்மா இருக்காமல் கொம்பியூட்டர் படிக்கட்டும்." எங்கே, எதை, எவ்வளவு காலம் என்று கேட்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. நகரத்துத் தனியார் வகுப்பில் சேர்வதா, அரசாங்கத் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிப்பதா, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிவதா, அல்லது வீட்டிலிருந்தபடி இணையத்தில் இலவசமாகக் கற்பதா என்று வாசகர்கள் பலர் கேட்டுள்ளனர். கேட்டவர்கள் பாடசாலையை விட்டு வந்தவர்கள் மட்டுமல்லர். அரச அலுவலகங்களில் பணியாற்றும் உத்தியோகத்தர்களும், பிள்ளைகள் வளர்ந்தபின் வேலைக்குச் செல்ல விரும்பும் பெண்களும் அவர்களுள் உள்ளனர்.

இந்த நான்கு வழிகளையும் இங்கே ஒப்பிடுவது உடனடியாக ஒரு சான்றிதழைப் பெறும் நோக்கில் அல்ல. பத்து ஆண்டுகள் கழித்து, இன்று நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் மறைந்துபோன நிலையிலும் கைகொடுக்கக்கூடிய தேர்ச்சியை எந்த வழி தருகிறது என்பதே கேள்வி.

## எதைக் கொண்டு அளப்பது?

1999ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிப் பேரவை அமைத்த குழுவொன்று, தகவல் தொழில்நுட்பத்தில் சரளம் பெற்றவர் என்று யாரைக் கூறலாம் என ஆராய்ந்து, அச்சரளத்தை மூன்று கூறுகளாகப் பிரித்தது. அந்தந்தக் காலத்து மென்பொருள்களைக் கையாளும் திறன் முதலாவது. கணினியும் வலையமைப்பும் தரவும் எவ்வாறு இயங்குகின்றன என்ற அடிப்படைக் கருத்துகள் இரண்டாவது. சிக்கலொன்றைப் பகுத்துப் பார்த்தல், பிழை எங்கே நேர்ந்தது என்று தேடிக் கண்டுபிடித்தல், எதிர்பாராத நிலைமையைச் சமாளித்தல் போன்ற அறிவாற்றல்கள் மூன்றாவது. கால் நூற்றாண்டு கடந்தபின்னும் இந்தப் பகுப்பு செல்லுபடியாகிறது. மூன்றில் முதலாவதுதான் மிக விரைவில் பழசாகிறது என்பதை இடைப்பட்ட ஆண்டுகள் நமக்குக் காட்டிவிட்டன. பிளாஷ் மென்பொருளில் அசைவுப் படங்கள் செய்யக் கற்றவர்களின் கைத்திறன், 2020 டிசம்பர் 31ஆம் திகதி பிளாஷ் பிளேயருக்கான ஆதரவு நிறுத்தப்பட்டதோடு பெரும்பாலும் மதிப்பிழந்துபோயிற்று. ஆனால், தரவுகளை அட்டவணைகளாக வகுத்து அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையை எட்கார் கொட் என்பவர் 1970இல் முன்வைத்தார். அதன் வழிவந்த, தரவுகளைத் தேடி எடுக்கப் பயன்படும் எஸ்.கியூ.எல். மொழி இன்றும் வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் இயங்குகிறது. இணையத்தைத் தாங்கி நிற்கும் டி.சி.பி./ஐ.பி. விதிமுறைகள் 1983 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தவை. அவற்றின் அடிப்படையை ஒருமுறை சரியாக விளங்கிக்கொண்டவர் இன்றைக்கும் அதைக்கொண்டு பிழை தேடலாம்.

இந்த வேறுபாட்டை நம்மூர் வேலையொன்றில் வைத்துப் பார்ப்போம். வெள்ள நிவாரணத்துக்காகப் பல கிராம உத்தியோகத்தர் பிரிவுகளிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல்களை ஒன்றாக்கி, ஒரே ஆள் இரண்டு தடவை பதியப்பட்டுள்ளாரா என்று பார்க்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். பெயரை வைத்துத் தேடினால் முகம்மது, முஹம்மது, முகமட் என்று ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேட வேண்டும் என்று ஒருவர் உணர்வாரானால், ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டுவதால் தரவுத்தளப் பாடத்தில் முதன்மைச் சாவி என்று சொல்லப்படும் கருத்தை அவர் எட்டிவிட்டார் என்று பொருள். அங்கும் ஒரு தடை உண்டு: பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கின்றன; 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் இருக்கின்றன. பழைய இலக்கத்தின் முன்னால் 19ஐச் சேர்த்து, ஆண்டையும் நாளையும் குறிக்கும் முதல் ஐந்து இலக்கங்களை அடுத்து ஒரு பூச்சியத்தை இட்டு, இறுதி எழுத்தை நீக்கினால் அது புதிய வடிவத்துக்கு வந்துவிடும். இருவகை இலக்கங்களையும் இவ்வாறு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட முடியும் என்று கண்டுகொள்வது எக்செல்லின் எந்தப் பொத்தானிலும் இல்லை. ஆனாலும் அதைக் கண்டுகொண்டவர் எக்செல்லிலும், இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஓபிஸிலும், பைதன் என்ற செய்நிரல் மொழியிலும், இனி வரப்போகும் எதிலும் அந்த வேலையைச் செய்து முடிப்பார்.

இந்த விளக்கத்தின் அடிப்படையில் ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்கும் கேள்விகள் இவை. அடிப்படைக் கருத்துகளை அது கற்பிக்கிறதா? வழிகாட்டல் இல்லாத புதிய வேலையில் மாணவரை அது இறக்கிவிடுகிறதா? பிழை விட்டால் திருத்துவதற்கு ஆள் உண்டா? தமிழ்மொழி மூலம் படித்து வந்தவர் ஆங்கிலத் தடையை அதில் எப்படிக் கடக்கிறார்? வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதன் தகைமை ஏற்றுக்கொள்ளப்படுகிறதா? கட்டணச் சீட்டில் காணப்படாத செலவுகள் எவை?

## நகரத்துத் தனியார் குறுங்கால வகுப்பு

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களிலும் மூன்று முதல் ஆறு மாதங்களில் முடியும் வகுப்புகள் பல நடைபெறுகின்றன. வேர்ட், எக்செல், பவர்பொயின்ட், போட்டோஷொப், தமிழ்த் தட்டச்சு என்பனவே பெரும்பாலும் பாடங்கள். இவ்வகுப்புகளின் நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கணினியைத் தொட அஞ்சும் ஒருவர் தமிழில் விளக்கம் கேட்டு, தம் ஊருக்கு அருகிலேயே, குறைந்த காலத்தில் அச்சம் நீங்க அவை உதவுகின்றன. முகாமைத்துவ உதவியாளராக ஏற்கெனவே வேலையில் இருப்பவர் எக்செல்லில் குறிப்பிட்ட சில வேலைகளை விரைவாகக் கற்க வேண்டுமென்றால், இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

குறை எங்கே வருகிறது என்பதைத் தமிழ்த் தட்டச்சைக் கொண்டே காட்டலாம். நம் பகுதி அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் பாமினி எழுத்துரு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதில் "அம்மா" என்று எழுத ஆங்கில விசைப்பலகையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து விசைகளை அழுத்துகிறோம். கணினியின் உள்ளே பதிவாவதும் அந்த ஆங்கில எழுத்துகளும் குறியும்தான். எழுத்துருவே அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. அதனால்தான் அந்தக் கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. இணையத்தில் ஏற்றினால் தேடுபொறி அதைத் தமிழாகக் காண்பதில்லை. யுனிகோட் முறையிலோ ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் அதற்கே உரிய எண் இருப்பதால் எந்தக் கருவியிலும் அது தமிழாகவே இருக்கும். பாமினியின் விசைகளை விரல்நுனியில் வைத்திருக்கும் வேகமான தட்டச்சாளர்கள் பலரை நம்மூரில் காணலாம். இந்த ஒரு விளக்கத்தை வகுப்பில் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்திருந்தால், தம்மிடம் குவிந்துள்ள பழைய கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றிப் பாதுகாக்க வேண்டும் என்று அவர்களே முடிவெடுத்திருப்பார்கள். விசைகளைப் பழக்கிவிட்டு, எழுத்து எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதைச் சொல்லாமல் விடும் வகுப்பு, முதலாவது கூறோடு நின்றுவிடுகிறது.

மறைமுகச் செலவுகளும் உண்டு. அனுமதிப் பத்திரம் இல்லாத மென்பொருளில் பழக்கிவிட்டால், பின்னர் சொந்தமாகத் தொழில் தொடங்கும்போது அந்த மென்பொருளை முறையாக வாங்கும் செலவு தலையில் விழுகிறது. தனியார் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்றிருக்க வேண்டும். பதிவில்லாத இடத்துச் சான்றிதழ் நேர்முகத் தேர்வில் கைகொடுப்பது அரிது. பணம் கட்டுமுன் பதிவிலக்கத்தைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

## அரசாங்கத் தொழிற்பயிற்சியும் உயர் தேசிய டிப்ளோமாவும்

தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரி, பல்கலைக்கழகக் கல்லூரி ஆகியன என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தின் கீழ்க் கற்கைநெறிகளை நடத்துகின்றன. அந்தச் சட்டகத்தில் ஒன்று முதல் நான்கு வரையானவை சான்றிதழ் மட்டங்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா மட்டங்கள், ஏழாவது பட்ட மட்டம். ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஏறிச்செல்லலாம் என்பதே இதன் பெரும் பலம். இன்று நான்காம் மட்டத்தோடு நிறுத்தி வேலைக்குச் செல்பவர், சில ஆண்டுகள் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதனோடு சேர்த்து எண்ண வேண்டியது, மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்கள் வழியாகப் பெறக்கூடிய தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா. செய்நிரலாக்கம், தரவுத்தளம், வலையமைப்பு ஆகியவற்றை ஒழுங்காகக் கற்பித்து, தொழிற் பயிற்சிக்கும் மாணவரை அனுப்பும் கற்கைநெறி அது. முழுநேர மாணவருக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லாததால், வசதி குறைந்த குடும்பங்களுக்கு இதுவே வாசல்.

என் அளவுகோல்கள் பெரும்பாலானவற்றில் இந்த வழி முன்னிற்கிறது. அடிப்படைக் கருத்துகள் பாடத்திட்டத்திலேயே உள்ளன. ஆய்வுகூடத்தில் தவறு விட்டால் அருகில் வந்து பார்க்க ஒருவர் இருக்கிறார். தொழிற் பயிற்சிக் காலத்தில், பாடப்புத்தகத்தில் இல்லாத சிக்கலை முதன்முறையாகச் சந்திக்க நேர்கிறது. மூன்றாவது கூறு வளர்வது அங்கேதான். உடன் பயில்பவர்கள் இருப்பதும் சிறிய விடயமன்று. பின்னாளில் ஒரு பிழையில் இரவு முழுவதும் மாட்டிக்கொண்டால், கேட்பதற்கு நான்கு பேராவது அப்போது உருவாகியிருப்பார்கள்.

செலவு வேறு வடிவில் வருகிறது. முழுநேரப் படிப்பென்றால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வருமானம் இல்லை. மூத்த மகனின் நாட்கூலியை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு இதுவே மிகப் பெரிய செலவு. போக்குவரத்தும் அவ்வாறே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வாவியின் கிழக்கேயுள்ள எழுவான்கரைக்கு வருவது எளிதாயிற்று. எனினும் வெல்லாவெளி, வவுணதீவு போன்ற பகுதிகளின் உட்கிராமங்களுக்கு மாலையில் திரும்பிச் செல்லும் பஸ்கள் குறைவு. மாரிக்கால வெள்ளத்தில் பாதைகள் தடைப்படுவதும் உண்டு. பெண் பிள்ளைகளின் வருகை குறைவதற்கு முதற் காரணம் பாடத்தின் கடினம் என்று நான் நினைக்கவில்லை. இருட்டிய பின் வீடு திரும்பும் வழியே காரணம். விடுதிச் செலவையோ அருகில் உறவினர் வீட்டையோ முன்கூட்டியே ஒழுங்குசெய்து கொள்பவர்கள் படிப்பை முடிக்கிறார்கள். இன்னொன்று, உயர் டிப்ளோமா ஆங்கிலமொழி மூலமானது. முதல் ஆண்டில் பலர் தடுமாறுவது செய்நிரலாக்கத்தில் அல்ல, வினாத்தாளை வாசித்து விளங்குவதில்தான்.

அதிகம் பேர் அறியாத ஒரு வசதியையும் சொல்லியாக வேண்டும். கணினி திருத்தும் கடையிலோ கொமினிகேஷனிலோ ஆண்டுக்கணக்கில் வேலைசெய்து தொழிலைக் கற்றவர், மீண்டும் வகுப்பில் அமராமலேயே, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து என்.வி.கியூ. சான்றிதழைப் பெறலாம். கைத்திறன் இருந்தும் காகிதம் இல்லாததால் பின்தங்கிப்போன நம் இளைஞர்கள் பலருக்கு இது பொருந்தும்.

## கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம்

கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப இளமாணி வெளிவாரிப் பட்டம், பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களுக்கு உண்மையான மாற்று வழியாக அமைந்துள்ளது. முதலாம் ஆண்டோடு விலகினால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு விலகினால் உயர் டிப்ளோமா, மூன்றையும் முடித்தால் பட்டம் என்று அது படிகளாக வகுக்கப்பட்டிருப்பதால், முயற்சி முழுவதும் வீணாகும் அபாயம் குறைவு. அடிப்படைக் கருத்துகளின் ஆழத்தில் இந்நான்கு வழிகளிலும் இதுவே முதலிடம் பெறுகிறது. தகைமைக்கான ஏற்புடைமையிலும் அவ்வாறே.

ஆனால் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தையும் இணையவழிப் பாடப்பொருளையும் தந்து பரீட்சையை நடத்துகிறது. நாள்தோறும் வகுப்பெடுத்துக் கைபிடித்து அழைத்துச் செல்வதில்லை. கொழும்பில் இருப்பவர் மாலை வகுப்பு நடத்தும் நிறுவனமொன்றைத் தேடிக்கொள்கிறார். திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ இருப்பவர் தனியாகப் படிக்க வேண்டியவராகிறார். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுவதால், அதற்குத் தெற்கே உள்ளவர்கள் அங்கு வரைக்கும் பஸ்ஸை நம்ப வேண்டும். ஆகவே பதிவதற்கு முன் பரீட்சை நிலையம் எங்கே அமையும் என்பதைக் கேட்டறிந்து, பயணம், தங்குமிடம், மீளத்தோற்றும் பாடங்களுக்கான கட்டணம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பணத்தைவிட ஆண்டுகளே இங்கு அதிகம் கரைகின்றன. ஒரு பாடம் தவறினால் அடுத்த ஆண்டு, வேலை கிடைத்துவிட்டால் அதற்கடுத்த ஆண்டு என்று தள்ளிக்கொண்டே போய், மூன்று ஆண்டுப் படிப்பை முடிக்காமல் விடுவது எளிது. வேலையில் நிலைபெற்று, ஆங்கிலத்தில் ஒரு பாடநூலை ஆசிரியர் துணையின்றி வாசிக்கக்கூடியவராக, வாரத்தில் சில மாலைகளைக் கட்டாயமாக ஒதுக்கக்கூடியவராக இருப்பவருக்கே இதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். உயர்தரம் முடித்தவுடன் தனியாக இதில் இறங்குவதை, அருகில் சேர்ந்து படிக்கத் துணை இல்லாவிட்டால், பரிந்துரைக்க மாட்டேன்.

## இலவசமாக, இணையத்தில், தனியாக

இன்று கிடைக்கும் இலவசப் பாடங்களின் தரம் வியப்புக்குரியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சி.எஸ்.50ஐப் பணமின்றிப் பயிலலாம். 2014இல் தொடங்கப்பட்ட ஃபிரீகோட்கேம்ப் தளம் செய்நிரலாக்கப் பாடங்களையும் சான்றிதழ்களையும் இலவசமாகத் தருகிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் திறந்த கற்றல் தளத்தில் இணையத்தள வடிவமைப்பு, பைதன் போன்ற பாடங்களை இலவசமாக வழங்கியுள்ளது. ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே இவற்றில் இறங்கிச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. தரம் 10, 11க்கான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியல் பாடநூல்களும், உயர்தரப் பாடத்துக்குரிய தேசிய கல்வி நிறுவகத்தின் வழிகாட்டிகளும் தமிழில் உள்ளன. எண் முறைமை, தர்க்கப் படலை (லொஜிக் கேட்), பணிசெயல் முறைமை (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்), வலையமைப்பு, தரவுத்தளம், பைதன் செய்நிரலாக்கம் ஆகியவற்றை உயர்தரப் பாடத்திட்டம் வரிசையாகச் சொல்கிறது. கலைப்பிரிவிலோ வணிகப்பிரிவிலோ படித்த ஒருவர் அந்த வரிசையை ஒருமுறை நிதானமாகக் கடந்துவந்தால், நகரத்துக் குறுங்கால வகுப்பு தரக்கூடியதைவிட உறுதியான அடித்தளம் அவருக்கு அமையும் என்பது என் திடமான கருத்து.

இவ்வழியின் பலவீனம், நீங்கள் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்வதற்கு ஆள் இல்லாதது. காணொளியில் ஆசிரியர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யும்போது எல்லாம் விளங்குவது போலவே இருக்கும். காணொளியை மூடிவிட்டு வெற்றுத் திரையில் தொடங்கினால்தான் எதைக் கற்றோம் என்பது தெரியும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இது பொருந்தும். ஒரு பிழைச் செய்தியின் பொருளைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பவருக்கு அவை நல்ல துணை. முழுச் செய்நிரலையும் எழுதித் தரச் சொல்லி ஒட்டிக்கொள்பவருக்கோ, பிழை தேடும் ஆற்றல் வளரவே வளராது.

செலவு இல்லையென்று சொல்லப்படும் இவ்வழியிலும் டேட்டாவுக்குப் பணம் போகிறது. கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர் செய்நிரல் எழுதிப் பழக முடியாமல் பாதியில் நின்றுவிடுகிறார். புதிய மடிக்கணினி வாங்க இயலாதவர்கள் பழைய கணினியொன்றில் லினக்ஸ் என்ற இலவசப் பணிசெயல் முறைமையை நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிகள் பல அலுவலகங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் கழிக்கப்படுகின்றன. கற்பதற்கு அவை தாராளமாகப் போதும். லினக்ஸை நிறுவும்போது நேரும் தடங்கல்களைத் தீர்ப்பதே பணிசெயல் முறைமை பற்றிய முதற் பாடமாக அமைந்துவிடும்.

## யாருக்கு எது?

உயர்தரம் முடித்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வருமானமின்றிப் படிக்கக் குடும்பம் இடம் கொடுக்குமானால், உயர் தேசிய டிப்ளோமாவோ என்.வி.கியூ. ஐந்தாம், ஆறாம் மட்டங்களோ முதல் தெரிவாக இருக்கட்டும். அனுமதி கிடைக்கும் வரையுள்ள மாதங்களில் தனியார் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்குப் பதிலாக, தமிழிலுள்ள உயர்தரப் பாடப்பொருளையும் ஆங்கில வாசிப்பையும் ஒன்றாகத் தொடங்கினால் முதலாம் ஆண்டின் தடுமாற்றம் பெருமளவு குறையும்.

அலுவலகத்தில் இருப்பவர் தமக்குத் தேவையான மென்பொருளைக் குறுங்கால வகுப்பில் கற்கலாம்; ஆனால் அதோடு நிறுத்தாமல், தம் மேசையில் உள்ள பட்டியல்களையே தரவாகக் கொண்டு எஸ்.கியூ.எல். பழகினால், அடையாள அட்டை இலக்கச் சிக்கல் போன்றவற்றைப் பிறரிடம் போகாமல் தாமே தீர்க்கலாம். பட்டம் பெற்றால்தான் பதவி உயர்வு என்ற நிலை இருந்தால், வெளிவாரிப் பட்டத்துக்கு அப்போது பதிவதே தகுந்த நேரம்.

வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரை உட்கிராமங்களில் இருப்பவர்களுக்கும் வீட்டை விட்டு நெடுநேரம் விலகியிருக்க முடியாத பெண்களுக்கும், தனிக் கற்றலும் கிழமைக்கு ஒருநாள் கூடிப் படிப்பதும் சேர்ந்த ஏற்பாடே நடைமுறைக்கு ஒத்துவரும். ஊர் நூலகத்திலோ பாடசாலையிலோ மூன்று நான்கு பேர் சேர்ந்து அமர்ந்து, அந்தக் கிழமை ஒவ்வொருவரும் எழுதியதை மற்றவர் வாசித்துப் பிழை காட்டினால், இவ்வழியின் பெருங்குறை நீங்கிவிடும். பயிற்சிக்கு எடுக்கும் வேலையும் ஊருக்குத் தேவையானதாக இருக்கட்டும்: மீனவர் சங்கத்தின் சேமிப்புக் கணக்கு, மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடன், நூலகத்தின் புத்தகப் பதிவேடு. உண்மையான கணக்கில் ஒரு தொகை பிசகினால் கேள்வி கேட்க ஆட்கள் இருப்பார்கள். அந்தப் பிசகைத் தேடிப்போகும்போது கற்பது மறப்பதில்லை. தொடங்குமுன் மூலப் பதிவேட்டைத் தாளிலும் வைத்துக்கொண்டு, கோப்பின் பிரதியொன்றைப் பென்ட்ரைவில் தனியாக எடுத்து வையுங்கள்.